மொஸ்போட்டில் எண்ணப்பட்ட இரண்டாம் இடங்கள்



கோடை பிறந்ததும், திருப்பலி முடிந்து வெளியே வரும்போது பெற்றோர் சிலர் என்னிடம் ஒரு முறைப்பாட்டைக் கொண்டுவருவது வழக்கம். “ஃபாதர், மகன் சூப்பர்பைக் வாங்கப் போறானாம். நீங்கள் ஒருக்கால் சொல்லிப் பாருங்கோ.” இன்று அறிவுரையை ஒதுக்கிவைத்து, அவ்வண்டிகளின் வரலாற்றில் ஒரு பகுதியை உங்களுக்கு எழுத விரும்புகிறேன். அது நம் வாசலுக்கு மிக அருகில் நிகழ்ந்தது. ஆயினும் நம்மவருள் மிகச் சிலரே அதனை அறிவர்.

ரொறன்ரோவிலிருந்து 401ஆம் நெடுஞ்சாலையில் கிழக்கே சென்று, போமன்வில்லில் வடக்கே திரும்பினால் மொஸ்போட் பந்தயத் திடலை அடையலாம். ‘மோட்டார் ஸ்போர்ட்’ என்னும் இரு சொற்களின் சுருக்கமே அப்பெயர். 2012 முதல் அது ‘கனடியன் டயர் மோட்டார்ஸ்போர்ட் பார்க்’ என வழங்குகிறது. ஏறி இறங்கும் குன்றுகளின் மீது, பத்து வளைவுகளுடன், 3.957 கிலோமீற்றர் நீளத்தில் 1961இல் அது திறக்கப்பட்டது. அவ்வாண்டு அங்கே நடந்த முதற் பெரும் போட்டியில் வென்ற பிரித்தானிய வீரர் ஸ்டெர்லிங் மொஸ், அதன் ஐந்தாம் வளைவின் வடிவுக்கும் யோசனை கூறினார். இன்றும் அது அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

1967 கனடா தன் நூற்றாண்டைக் கொண்டாடிய ஆண்டு. அவ்வாண்டு செப்டெம்பர் 30ஆம் நாள், உலக மோட்டார் சைக்கிள் வாகையர் போட்டியின் ஒரு சுற்று மொஸ்போட்டில் நடைபெற்றது. அதற்கு முன்னும் பின்னும் அத்தகைய உலகச் சுற்று கனடாவுக்கு வந்ததில்லை. 500 சிசி பிரிவின் பட்டம் யாருக்கு என்பதை அன்றைய ஓட்டமே தீர்மானிக்க வேண்டியிருந்தது. ஒருபுறம் ஹொண்டா வண்டியில் மைக் ஹெயில்வூட் என்னும் ஆங்கிலேயர். மறுபுறம் எம்வி அகுஸ்தா வண்டியில் ஜியாகொமோ அகொஸ்தினி என்னும் இத்தாலியர்.

அவ்வாண்டு முழுவதும் இருவரும் ஒருவரையொருவர் விடாது துரத்தினர். ஜூன் மாதம் மான் தீவின் பொதுச்சாலைகளில், 60 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடிய சுற்றுப்பாதையில், ஹெயில்வூட் மணிக்கு ஏறத்தாழ 175 கிலோமீற்றர் சராசரி வேகத்தில் ஒரு சுற்றை முடித்தார். அப்போட்டியில் அகொஸ்தினியின் சங்கிலி அறுந்தது. செப்டெம்பரில் இத்தாலியின் மொன்ஸாவில், முன்னணியில் ஓடிக்கொண்டிருந்த ஹெயில்வூட்டின் கியர் பழுதுற்று வெற்றி கைநழுவியது. இந்நிலையில்தான் இருவரும் மொஸ்போட்டுக்கு வந்தனர்.

ஹெயில்வூட் வென்றார். அகொஸ்தினி இரண்டாவதாக வந்தார். இனி கணக்கைப் பாருங்கள். பத்துச் சுற்றுகளில் ஆளுக்கு ஐந்து வெற்றிகள். அக்கால விதிப்படி, சிறந்த ஆறு முடிவுகளே கணக்கில் சேரும். முதலிடத்துக்கு 8 புள்ளிகள், இரண்டாம் இடத்துக்கு 6 புள்ளிகள். ஐந்து வெற்றிகளும் ஓர் இரண்டாம் இடமும் சேர்ந்து இருவருக்கும் 46 புள்ளிகள். வெற்றிகளும் சமம், புள்ளிகளும் சமம். எனவே இரண்டாம் இடங்களை எண்ணினார்கள். ஹெயில்வூட்டுக்கு இரண்டு, அகொஸ்தினிக்கு மூன்று. அந்த மூன்றாவது, மொஸ்போட்டில் அன்று பெற்றதுதான். அன்றைய போட்டியில் தோற்றவர் அத்தோல்வியினாலேயே உலக வாகையரானார்! அடுத்த ஆண்டு ஹொண்டா நிறுவனம் அப்போட்டிகளிலிருந்து விலகியதால், அவ்விருவரின் சமபலப் போட்டி அத்துடன் முடிந்தது எனலாம்.

ஆனால் நான் சொல்ல வந்தது இக்கணக்கை மட்டுமல்ல. மோட்டார் பந்தய வரலாற்றை ஊன்றி நோக்கினால், அது பொதுச்சாலையை விட்டு விலகிச் சென்ற வரலாறாகவே எனக்குத் தோன்றுகிறது. மெல்பேர்ணில் உறவினர் உள்ளோர் பிலிப் தீவைப் பற்றிக் கேள்வியுற்றிருப்பீர்கள். 1928இல் அத்தீவின் மண்சாலைகளில் கார்கள் புழுதி பறக்க நூறு மைல் ஓடின. 1956இல் அங்கே மூடிய திடல் ஒன்று அமைந்தது. பாஸ் நீரிணையின் காற்று நேரே வந்து மோதும் அக்கடலோரத் திடலுக்கு, 1990இல் உலக சூப்பர்பைக் போட்டி வந்து சேர்ந்தது. நம் பக்கத்திலும் இதுவே நிகழ்ந்தது. இரண்டாம் உலகப் போருக்காக அமைக்கப்பட்ட விமான ஓடுதளங்கள், போர் ஓய்ந்தபின் பந்தயத்துக்குப் பயன்பட்டன. சென்னைக்கு வடக்கே சோழவரம் அவ்வாறானது. களுத்துறைக்கு அருகே கட்டுக்குருந்தவும் அவ்வாறானதே. எண்பதுகளில் அகதிகளாகச் சென்னையில் தங்கியிருந்தோருள் சிலருக்குச் சோழவரத்தின் பெயராவது நினைவிருக்கும். பின்னர் 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான திடல் அமைந்தது.

இம்மாற்றத்தைக் கோரியவர்கள் யார்? பந்தயத்தை வெறுத்தவர்கள் அல்லர், வீரர்களே கோரினர். 1972இல் மான் தீவில், மழையில் நனைந்த பாதையில், கில்பெர்த்தோ பார்லோத்தி என்னும் இத்தாலிய வீரர் உயிரிழந்தார். அவருடைய நண்பரான அகொஸ்தினி, இனி அங்கே ஓடுவதில்லை என முடிவெடுத்தார். அங்கே பத்து முறை வென்றிருந்தவர் அவர்! அவரைக் கோழை என்று சொல்ல எவருக்கும் நா எழுந்திராது. வேறு முன்னணி வீரர்களும் அவ்வழியே ஒதுங்கினர். 1976உடன் மான் தீவு உலக வாகையர் பட்டியலிலிருந்து நீங்கியது.

மொஸ்போட்டும் இக்கேள்விக்குத் தப்பவில்லை. 1977இல் அங்கே பயிற்சி ஓட்டத்தின்போது இயன் ஆஷ்லி என்பவரின் கார் மேட்டில் எழும்பிக் கவிழ்ந்தது, அவர் படுகாயமடைந்தார். மறு ஆண்டு பார்முலா 1 போட்டி மொன்றியலுக்குச் சென்றுவிட்டது. 1985இல் மான்பிரெட் விங்கல்ஹொக் என்னும் ஜெர்மானியர் அதன் இரண்டாம் வளைவில் மோதி உயிரிழந்தார். உலக சூப்பர்பைக் போட்டி 1989 முதல் 1991 வரை மூன்று ஆண்டுகள் மொஸ்போட்டுக்கு வந்தது, அதன்பின் வரவில்லை. திடல் அழகானதுதான். ஆயினும் தடம் தவறியவர் சறுக்கிச் சென்று நிற்பதற்குப் போதிய வெற்றுவெளி இல்லாத இடத்தில், அழகு எதற்கு உதவும்?

சூப்பர்பைக் போட்டியின் தனித்தன்மையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கடையில் விற்பனையாகும் வண்டியையே அடிப்படையாகக் கொண்டு அது நடத்தப்படுகிறது. ஆகவேதான் உங்கள் மகன் அதன் உடன்பிறப்பைக் கடன் எடுத்தாவது வாங்க முடிகிறது. வண்டி ஏறக்குறைய அதேதான். ஆனால் வளைவுதோறும் கொடியுடன் நிற்கும் பணியாளர், காத்திருக்கும் அம்புலன்ஸ், ஒரே திசையில் மட்டும் ஓடும் போக்குவரத்து ஆகியவற்றை எந்தக் கடையிலும் விற்பதில்லை. ஒன்ராறியோவில் அனுமதித்த வேகத்துக்கு மேல் 50 கிலோமீற்றர் கூடினாலே, சாலையோரத்திலேயே சாரதி அனுமதிப்பத்திரம் 30 நாட்களுக்கும் வண்டி 14 நாட்களுக்கும் பறிபோகும். வேக எல்லை 80க்குக் குறைந்த சாலையாயின் 40 கூடினாலே போதும். 2021இல் கடுமையாக்கப்பட்ட இச்சட்டத்தை நம் வீடுகளில் பலர் இன்னும் சரிவர அறியவில்லை.

ஹெயில்வூட்டுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பதினொரு ஆண்டுகள் கழித்து, 1978இல், மான் தீவுக்குத் திரும்பிவந்து டுகாட்டி வண்டியில் வென்றார். பந்தயங்கள் அவர் உயிரைப் பறிக்கவில்லை. 1981 மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, பிள்ளைகள் இருவரையும் காரில் ஏற்றிக்கொண்டு, இரவு உணவுக்கு மீனும் உருளைக்கிழங்குப் பொரியலும் வாங்கப் புறப்பட்டார். வழியில் ஒரு லொறி, தடைசெய்யப்பட்ட இடத்தில் சாலையைக் கடந்து திரும்பியது. ஒன்பது வயது மகள் மிஷெல் அவ்விடத்திலேயே இறந்தாள். மகன் பிழைத்தான். இரு நாட்களின் பின் ஹெயில்வூட்டும் இறந்தார். அவருக்கு வயது 40.

மொஸ்போட்டில் கனடிய சூப்பர்பைக் வீரர்கள் இன்றும் ஓடுகின்றனர். உங்கள் மகனை ஒருமுறை அங்கே அழைத்துச் செல்லுங்கள். நீங்களும் கூடவே போங்கள். மொஸ் வளைவுக்கு அருகில் புல்மேட்டில் அமர்ந்தால் வண்டிகள் வேகம் தணித்துத் திரும்புவதை நன்கு காணலாம். தொப்பியும் தண்ணீரும் மறவாதீர்கள், அங்கே நிழல் குறைவு. காதுக்குப் பஞ்சும் வேண்டும்.