தலையை விட்டுப் போகாத காதல்... கைலி மினாக் பாட்டின் கதை!

காலையில காதுல விழுற ஒரு பாட்டு, ராத்திரி தூங்கப் போற வரைக்கும் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கும். உங்களுக்கும் நடந்திருக்கும்தானே? காதலும் அப்படித்தான்னு சொல்ற ஒரு டான்ஸ் பாட்டு, 2001-ல் வந்தது. ஆஸ்திரேலியப் பாடகி கைலி மினாக்கின் 'கான்ட் கெட் யூ அவுட் ஆஃப் மை ஹெட்'.

வேண்டாம்னு திரும்பி வந்த பாட்டு

எழுதியவர்கள் இரண்டு பேர். கேத்தி டென்னிஸ், 90-களின் தொடக்கத்தில் பாப் பாடகி. பிறகு மத்தவங்களுக்குப் பாட்டு எழுத வந்துட்டார். ராப் டேவிஸ், 70-களில் கலக்கிய 'மட்' இசைக்குழுவின் கிட்டாரிஸ்ட். ராப்பின் வீட்டு ஸ்டூடியோவில் ஒரு டிரம் லூப்பை ஓடவிட்டு, சில மணி நேரத்தில் பாட்டை முடிச்சுட்டாங்க. முதலில் 'எஸ் கிளப் 7' குழுவுக்காகக் கேட்டுப் பார்த்தவங்க, வேண்டாம்னுட்டாங்க. கைலியோ டெமோவின் முதல் சில நொடிகளிலேயே ஓகே சொல்லிட்டார்.

அப்புறம் நடந்தது சரவெடி! பிரிட்டனில் 4 வாரம் நம்பர் 1, விற்பனை 10 லட்சத்துக்கும் மேல. அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100-ல் 7-வது இடம். அங்கே டாப் 10-க்குள் கைலி வந்தது, 1988-க்குப் பிறகு அப்போதான்.

ஏன் இப்படி ஒட்டிக்குது?

பாட்டோட பெரிய ஹூக்குக்கு அர்த்தமே கிடையாது. வெறும் ஓசைதான். அதனால மொழி தெரியாதவங்களும் முதல் தடவையே கூடப் பாடிடலாம். நிமிஷத்துக்குச் சுமார் 126 பீட். அது சுத்திச் சுத்தி அதே இடத்துக்கு வரும், மனசுல ஒரே நினைப்பு சுத்துற மாதிரியே.

நிஜமாவே ஜாலி பாட்டா?

கொஞ்சம் உத்துக் கேளுங்க. ராத்திரி பகலா ஒருத்தரையே நினைக்கிறாங்க. நடுவுல தனக்குள்ள ஒரு ரகசியம் இருக்குன்னு சொல்றாங்க. அது என்னன்னு கடைசி வரை சொல்லலை. அந்த ஆளும் இவங்களைக் காதலிக்கிறாரா? அதுக்கும் பதில் இல்லை. கைலியும் அழுது புலம்பாம, கூலா பாடிட்டுப் போறார். வலியும் ஆட்டமும் ஒண்ணா கலந்திருக்கிறதுதான் இந்தப் பாட்டோட மேஜிக்.

காதல் வந்த புதுசுல எல்லாருக்குமே தலைக்குள்ள இப்படி ஒரு லூப் ஓடும். அது காதலா, இல்லை வெறும் நினைப்பு மட்டும்தானான்னு கண்டுபிடிக்கிறதுதான் கஷ்டம். பாட்டு அதைச் சொல்லித் தராது. ஆனா, குழம்பித் தவிக்கிறது நீங்க மட்டும் இல்லைன்னு ஆடிக்கிட்டே சொல்லும். இன்னிக்கு ஹெட்போன்ல ஒரு தடவை கேட்டுப் பாருங்க. நாளைக்கும் அது தலைக்குள்ள ஓடினா, எங்களைத் திட்டாதீங்க!