கடைசியாகப் பேசியவர்

1976 செப்டம்பர் 10 அன்று யுகோஸ்லாவியாவின் ஸாக்ரெப் நகருக்கு அருகே வானில் இரண்டு பயணிகள் விமானங்கள் மோதிக்கொண்டன. ஒன்று லண்டனிலிருந்து இஸ்தான்புல்லுக்குச் சென்றுகொண்டிருந்த பிரிட்டிஷ் ஏர்வேஸின் டிரைடண்ட். மற்றொன்று ஸ்ப்ளிட்டிலிருந்து கொலோனுக்குப் புறப்பட்ட டிசி-9. 176 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

ஸாக்ரெப் அன்றைய ஐரோப்பாவின் நெரிசல் மிகுந்த வான்சந்திகளுள் ஒன்று. ஆட்களோ போதாது. மேல்வான் பகுதியைக் கவனிக்க இருவர் இருக்கவேண்டிய இடத்தில் அந்த நிமிடங்களில் ஓர் இளைஞர் மட்டுமே இருந்தார். ஏறிக்கொண்டிருந்த டிசி-9 அவர் பொறுப்புக்கு வந்தபோது ஏறத்தாழ டிரைடண்டின் உயரத்தை எட்டியிருந்தது. ஏறுவதை நிறுத்தும்படி சொன்னார். பதற்றத்தில் ஆங்கிலத்தை விட்டுத் தாய்மொழிக்கு மாறியிருந்தார். விமானி கீழ்ப்படிந்தார். விமானம் மட்டமான உயரம் 33,000 அடி. டிரைடண்ட் வந்துகொண்டிருந்த உயரமும் அதுவே.

கட்டுப்பாட்டாளர்கள் பலர் குற்றஞ்சாட்டப்பட்டனர். தண்டிக்கப்பட்டவர் அந்த இளைஞர் ஒருவரே: ஏழாண்டுச் சிறை. பல நாடுகளின் கட்டுப்பாட்டாளர்கள் அவருக்காக மனுக்கொடுத்தார்கள், 1978இல் விடுதலையானார். அவர் தவறவே இல்லை என்று யாரும் வாதிடவில்லை. ஆனால் ஒலிநாடாவில் கடைசியாகக் கேட்கும் குரலுக்குரியவரைக் குற்றவாளியாக்குவது எளிது. ஆட்குறைப்புக்கு ஒலிநாடா கிடையாது.

கால் நூற்றாண்டு கழித்து, 2002 ஜூலை 1 இரவில், தெற்கு ஜெர்மனியின் யூபர்லிங்கன் நகருக்கு மேலே ரஷ்ய விமானமொன்றும் டிஎச்எல் சரக்கு விமானமொன்றும் மோதின. இறந்தவர் 71 பேர். பெரும்பாலோர் பார்சிலோனாவுக்கு விடுமுறை சென்ற சிறுவர் சிறுமியர். அந்த வானத்தைக் கவனித்துக்கொண்டிருந்தது சூரிச்சில், ஸ்கைகைட் என்ற சுவிஸ் நிறுவனத்தில், ஒற்றை மனிதர். உடனிருக்க வேண்டியவர் ஓய்வறையில் இருந்தார். பராமரிப்புப் பணிக்காக முதன்மைத் தொலைபேசி இணைப்பு நிறுத்தப்பட்டிருந்தது. ஆபத்தைக் கண்டுவிட்ட கார்ல்ஸ்ரூ நிலையத்தாரால் அவரை அழைக்க முடியவில்லை. ரஷ்ய விமானத்தை இறங்கச் சொன்னார். அதன் எச்சரிக்கைக் கருவி ஏறச் சொன்னது. மனிதக் குரலுக்குக் கட்டுப்பட்டு அவர்கள் இறங்கினார்கள். தன் கருவிக்குக் கட்டுப்பட்டுச் சரக்கு விமானமும் இறங்கியது.

2004 பிப்ரவரியில், மனைவியையும் இரு குழந்தைகளையும் இழந்த ஒருவர் அந்தக் கட்டுப்பாட்டாளரை அவர் வீட்டிலேயே குத்திக் கொன்றார். சிலப்பதிகாரத்தில் கோவலனை வெட்டிய காவலனைக் கண்ணகி தேடிப்போகவில்லை, அரசவைக்கே போனாள். அந்தத் தந்தையின் துயரத்தை எடைபோட நமக்கு உரிமையில்லை. ஆயினும் அவர் தேடிப்போனது காவலனை.

அரசவைக்கு வழக்கு பிறகே சென்றது. 2006 ஜூலையில் கான்ஸ்டன்ஸ் நீதிமன்றம் இழப்பீட்டுப் பொறுப்பு ஜெர்மனிக்கே உரியது என்றது. வான்போக்குவரத்தைக் காப்பது அரசின் இறையாண்மைக் கடமை. தன் வானத்தின் ஒரு பகுதியை வேற்று நாட்டு நிறுவனத்திடம் விடவேண்டுமானால் முறையான ஒப்பந்தம் வேண்டும். ஜெர்மனியோ பல்லாண்டு வழக்கத்தின் பேரில் விட்டுவைத்திருந்தது. ஆகவே சூரிச்சில் அமர்ந்திருந்தவர், சட்டத்தின் கண்ணில், ஜெர்மனிக்காகவே பணியாற்றினார்! பயணிகளுள் பலர் இத்தகைய ஏற்பாடு இருப்பதையே அறிந்திருக்கமாட்டார்கள்.

மறு ஆண்டு செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் ப்யூலாக் நீதிமன்றம் ஸ்கைகைட் ஊழியர் எண்மரின் வழக்கில் தீர்ப்பளித்தது. கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக நால்வர் தண்டிக்கப்பட்டனர். மூன்று மேலாளர்களுக்கு நிறுத்திவைக்கப்பட்ட ஓராண்டுச் சிறை, நான்காமவருக்கு அபராதம். மற்ற நால்வர் விடுவிக்கப்பட்டனர். இரவில் ஒருவரே பணியாற்றலாம் என்று யாரும் எழுத்தில் ஆணையிடவில்லை. நிர்வாகம் அதை ஆண்டுக்கணக்கில் கண்டும் காணாமல் இருந்தது. இரண்டு தீர்ப்புகளுமே எழுதப்படாத வழக்கங்களைத்தான் விசாரணைக்கு இழுத்தன. தண்டனை மிக லேசானது என்பது மெய்தான். எனினும் ஸாக்ரெப் தீர்ப்பைவிட இதில் நீதி அதிகம் என்றே எனக்குப் படுகிறது.

சட்டம் எங்கும் இத்திசையிலேயே நகர்ந்தது என்று கொள்ளவேண்டாம். யூபர்லிங்கனுக்குப் பதினேழு மாதங்கள் முன்பு, 2001 ஜனவரியில், ஜப்பானில் இரண்டு ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானங்கள் மயிரிழையில் தப்பின. அங்கு கட்டுப்பாட்டாளர் விமான எண்ணை மாற்றிச் சொல்லியிருந்தார். அங்கும் ஒரு விமானி குரலைக் கேட்டார், மற்றவர் கருவியைக் கேட்டார். பலர் காயமுற்றனர், யாரும் இறக்கவில்லை. பயிற்சியிலிருந்த அந்தக் கட்டுப்பாட்டாளரையும் அவரது மேற்பார்வையாளரையும் கீழ்நீதிமன்றம் விடுவித்தது. மேல்முறையீட்டில் தண்டனை வந்தது. 2010இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது.