‘ஆட்டம் லீவ்ஸ்’: ஜோன் கிராஃபோர்டின் நடிப்பில் வயது

ஜோன் கிராஃபோர்டு என்றதும் இன்று பலருக்கும் நினைவில் எழுவது அடர்ந்த புருவமும் அகன்ற தோளும்தான். 1962-இல் வந்த ‘வாட் எவர் ஹாப்பன்ட் டு பேபி ஜேன்?’ படமும், அவரது வாழ்க்கையை வைத்தே 1981-இல் எடுக்கப்பட்ட ‘மம்மி டியரஸ்ட்’ படமும் அந்த உருவத்தைக் கேலிச்சித்திரமாக்கிவிட்டன. அதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், 1956-இல் கொலம்பியா நிறுவனத்துக்காக ராபர்ட் ஆல்ட்ரிச் இயக்கிய ‘ஆட்டம் லீவ்ஸ்’ படத்தில் அவர் நடித்திருப்பது வெறும் மிகையாகத்தான் படும். அந்தத் தீர்ப்பு தவறானது.

கிராஃபோர்டு 1925-இல் எம்ஜிஎம் நிறுவனத்தில் சேர்ந்தவர். மௌனப் படங்களில் முகத்தையும் உடலையும் கொண்டே பேசப் பழகியவர். ‘ஆட்டம் லீவ்ஸ்’ படத்தில் அவருக்கு மில்லிசென்ட் என்ற பாத்திரம். நோயாளித் தந்தைக்குப் பணிவிடை செய்தே இளமையைக் கடத்திவிட்டு, வீட்டிலிருந்தபடி பிறருடைய கையெழுத்துப் படிகளைத் தட்டச்சு செய்து பிழைக்கும் பெண். அவளை மணக்க வரும் பர்ட் வயதில் மிக இளையவன். அவனாக நடித்த கிளிஃப் ராபர்ட்சன், கிராஃபோர்டைவிடக் குறைந்தது பதினைந்து ஆண்டு இளையவர். நியூயார்க்கின் ஆக்டர்ஸ் ஸ்டூடியோ நடிப்புப் பட்டறை மரபில் வந்தவர்.

படத்தின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ராபர்ட்சன் சொற்களை விழுங்குகிறார், தடுமாறுகிறார், தோளைக் குறுக்குகிறார். கிராஃபோர்டோ ஒவ்வொரு பார்வையையும் அளந்து வைக்கிறார். இரண்டு தலைமுறைகளின் நடிப்பு முறைகள் ஒரே சட்டகத்துக்குள் ஒட்டாமல் நிற்கின்றன. அந்த ஒட்டாமையே மில்லிசென்டின் அச்சம். கடற்கரைக் காட்சிக்குப் பிறகு, உன் வயதுப் பெண்ணைத் தேடிக்கொள் என்று அவனை அனுப்பிவைக்கும்போது அவள் குரல் உறுதியாக இருக்கிறது. முகம் அந்தச் சொற்களுக்கு உடன்படவில்லை. தேர்ந்த மெய்ப்பாடு அது. சார்ல்ஸ் லாங்கின் ஒளிப்பதிவு அந்த முகத்தை நிழல்களுக்கு நடுவே நிறுத்துகிறது. வயதை மறைக்க ஸ்டூடியோக்கள் கையாண்ட அதே நிழல், இங்கே தனிமையின் இருளாகவும் ஆகிவிடுகிறது.

திருமணத்துக்குப் பிறகு, மனநிலை குலைந்த பர்ட் தட்டச்சுப் பொறியைத் தூக்கி அவள் கைமீது எறிகிறான். அவளுக்குச் சோறு போடும் கை அது. முன்னாள் மனைவியும் பெற்ற தகப்பனும் கள்ள உறவு கொண்டு பர்ட்டைச் சிதைத்தவர்கள் என்பது தெரிந்ததும், வீட்டு வாசலில் அவர்கள்மீது மில்லிசென்ட் சீறுகிறாள். கேலி செய்வோர் முதலில் எடுத்துக்காட்டுவது இந்தச் சீற்றத்தைத்தான். ஆனால் அதுவரை படம் முழுக்க அவள் குரலை அடக்கியே பேசி வந்திருக்கிறாள். அந்த அடக்கத்தைக் கவனித்த பார்வையாளருக்கு இந்த வெடிப்பின் அளவு சரியாகவே இருக்கும்.

1956-ஆம் ஆண்டு பெர்லின் திரைப்பட விழாவில் சிறந்த இயக்கத்துக்கான வெள்ளிக் கரடி ஆல்ட்ரிச்சுக்குக் கிடைத்தது. இந்தப் படத்துக்காகக் கிராஃபோர்டின் பெயர் ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில்கூட இடம்பெறவில்லை.