மணிக்கயிறும் மதகும்

காலில் முள் தைத்தால் வலிக்கிறது. முள்ளை எடுத்துவிட்டால் வலி நீங்குகிறது. இது எல்லோரும் அறிந்த செய்தி. ஆனால், புண் ஆறிப் பல மாதங்கள் கழிந்த பின்னும் வலி மட்டும் ஆறாமல் நிற்பதுண்டு. மருத்துவர் சோதித்துவிட்டு, 'குறை ஒன்றும் தென்படவில்லை' என்பார். சுற்றத்தார், 'வேலைக்கு அஞ்சி நடிக்கிறார்' என்பர். துன்புறுபவரோ வலியோடு அவச்சொல்லையும் சேர்த்துச் சுமப்பார். இத்தகைய நாட்பட்ட வலியை மருத்துவ உலகம் புரிந்துகொள்ள முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. அவ்வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் டெக்கார்ட் மனித உடலைப் பற்றி எழுதிவைத்த நூல், அவர் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1662இல் வெளிவந்தது. அதில் ஓர் உவமை உண்டு. கயிற்றின் ஒரு முனையை இழுத்தால் மறுமுனையிலுள்ள மணி ஒலிக்கிறது. அதுபோலவே, நெருப்புச் சுட்ட இடத்தில் நரம்பிழை இழுபடுகிறது; மூளையில் வலி எழுகிறது என்றார் அவர். காயம் எவ்வளவோ, வலியும் அவ்வளவே என்பது இதன் உட்பொருள்.

இக்கருத்து பயனற்றதன்று. நரம்பின் வழியை அடைத்தால் வலி தெரியாது என்பது உண்மையே. 1884இல் வியன்னாவில் கார்ல் கோலர் என்ற இளம் மருத்துவர், கொக்கெயின் கரைசலைக் கண்ணில் இட்டு, அவ்விடத்தை மட்டும் மரக்கச் செய்யலாம் என்று கண்டார். கண் அறுவை மருத்துவத்தில் அது பெரும் திருப்பம். எனவே, தீராத வலிக்கும் நரம்பை அறுத்துவிடுவதே வழி என்று பின்வந்த அறுவை மருத்துவர் பலர் எண்ணினர். கயிறு அறுந்தது, ஆயினும் பலருக்குச் சில காலம் கழித்து மணி மீண்டும் ஒலித்தது! அமெரிக்க உள்நாட்டுப் போரில் கை கால் இழந்த வீரர்களை ஆராய்ந்த வெயர் மிட்செல், இல்லாத உறுப்பிலும் கடும் வலி தோன்றுவதை விரிவாக எழுதினார். காலே இல்லாதபோது கயிற்றை இழுப்பது யார்? டெக்கார்டின் உவமையில் இதற்கு விடையில்லை.

இரண்டாம் உலகப் போர் மற்றொரு புதிரைக் கொணர்ந்தது. அமெரிக்க மயக்க மருத்துவர் ஹென்றி பீச்சர், இத்தாலியப் போர்முனையில் கடுங்காயமுற்ற வீரர்களைக் கண்டு, 'வலி தணிக்க மருந்து வேண்டுமா?' என்று வினவினார். நான்கில் மூன்று பங்கினர் வேண்டாம் என்றனர். இம்முடிவை அவர் 1946இல் வெளியிட்டார். பின்னர், அறுவை மருத்துவம் செய்துகொண்ட குடிமக்களைக் கேட்டபோது, அவர்களுள் மிகப் பெரும்பாலோர் மருந்து வேண்டினர். வீரனுக்குக் காயம் என்பது போர்க்களத்திலிருந்து விடுதலை. குடிமகனுக்கோ அது வாழ்வில் வந்த இடி. காயத்தின் அளவைவிட, அதற்கு அம்மனிதன் காணும் பொருளே வலியை மிகுதியும் தீர்மானிக்கிறது என்று பீச்சர் முடிவு கண்டார்.

இதே காலத்தில் அமெரிக்காவின் மேற்குக் கோடியில், வாஷிங்டன் மாநிலத்துப் படை மருத்துவமனை ஒன்றில் ஜான் பொனிகா பணியாற்றினார். இவர் சிசிலிக்கு அருகிலுள்ள பிலிகுடி என்னும் சிறு தீவில் 1917இல் பிறந்தவர். மற்போர் செய்து பொருளீட்டி மருத்துவம் பயின்றவர். மற்களத்துக் காயங்களால் வாழ்நாள் முழுதும் வலியோடு வாழ்ந்தவருங்கூட. போரிலிருந்து திரும்பிய வீரர்களின் தீராத வலியை எந்தத் தனி வல்லுநரும் முழுமையாக அறிந்திலர் என்று அவர் உணர்ந்தார். நரம்பு மருத்துவர், எலும்பு மருத்துவர், மனநல மருத்துவர் ஆகியோரை ஒருங்கே அமர்த்தி, ஒரே நோயாளியைப் பற்றிக் கலந்து பேசச் செய்தார். 1953இல் ஏறத்தாழ 1,500 பக்கங்கள் கொண்ட பெருநூலை வெளியிட்டார். 1960இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பல துறையினரும் கூடி வலிக்கு மருத்துவம் செய்யும் நிலையத்தை நிறுவினார்.

பொனிகா அனுபவத்தால் கண்டதற்கு 1965இல் ஒரு கொள்கை விளக்கம் கிடைத்தது. கனடா நாட்டு உளநூல் அறிஞர் மெல்சாக்கும் ஆங்கிலேய நரம்பியல் அறிஞர் வாலும் சேர்ந்து, தண்டுவடத்தில் வாயில் போன்ற ஓர் அமைப்பு உண்டு என்றனர். நம் ஏரி மதகை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். மதகைத் திறந்தால் நீர் பெருகும், தாழ்த்தினால் குறையும். முழங்கையை இடித்துக்கொண்டவுடன் நாம் அதைத் தேய்த்துவிடுகிறோம் அல்லவா? தேய்ப்பதால் எழும் தொடுவுணர்ச்சி மதகைத் தாழ்த்துகிறது. மூளையும் மேலிருந்து ஆணை அனுப்பி மதகை ஏற்றவோ இறக்கவோ செய்கிறது. அச்சம், கவலை ஆகியவை அதைத் திறக்கக்கூடும். மன அமைதி தாழ்த்தக்கூடும். இக்கொள்கையின் நுட்பங்கள் சில பின்னர்த் திருத்தப்பட்டன. ஆயினும் அடிப்படை நிலைத்தது. வால் பணிபுரிந்த அதே லண்டன் நகரில் 1983இல் கிளிப்போர்ட் உல்ஃப் மற்றொன்றைக் காட்டினார்: காயத்துக்குப் பின் தண்டுவட நரம்பணுக்களே கூருணர்வு கொண்டு, சிறு தூண்டலையும் பெருக்கிக் காட்டக்கூடும். ஆகவே, புண் ஆறியபின் நிற்கும் வலி பொய்யன்று. நரம்பு மண்டலத்தில் நிகழும் மெய்யான மாற்றமே அதற்கு வேராகலாம்.

இவ்வறிவிலிருந்து மருத்துவமும் மாறியது. பொனிகாவின் பல்கலைக்கழகத்தில் போர்டைஸ் என்ற உளநூல் அறிஞர், நெடுநாள் படுத்திருப்பது நோயாளியை மேலும் முடக்குவதைக் கவனித்தார். வலித்தபோது ஓய்வு என்னும் முறையை விட்டு, இன்று இத்தனை அடி, நாளை இன்னும் சில அடி என அளவிட்டு நடக்கச் செய்தார். இன்று நாட்பட்ட வலிக்குரிய மருத்துவத்தில் அளவான உடற்பயிற்சி, நல்லுறக்கம், மன அச்சத்தைத் தணிக்கும் பயிற்சி, தேவையான மருந்து, குடும்பத்தாரின் துணை ஆகிய அனைத்தும் இடம் பெறுகின்றன. புதிதாய்த் தோன்றும் வலிக்கு மருத்துவரை நாடிக் காரணம் அறிவது முதற்கடமை. அதை இம்முறை மாற்றுவதில்லை. வலியை வேரறுப்பதாகவும் இது வாக்களிப்பதில்லை. வலி குறையவும், எஞ்சிய வலியோடும் தொழில் செய்து, மக்களோடு கலந்து வாழவும் பலருக்கு இது உதவுகிறது.

பொனிகாவின் முயற்சியால் 1973இல் உருவாகத் தொடங்கிய உலக வலி ஆய்வுச் சங்கம், வலி என்பதன் வரையறையை 2020இல் திருத்தியபோது, ஒருவர் தமக்கு வலி உண்டு என்று கூறினால் அக்கூற்றை மதிக்க வேண்டும் என்று குறித்தது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியலில், மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலி தனி இடம் பெற்றது. நம் இல்லத்து முதியவரோ உடன் பயிலும் தோழரோ, 'இன்னும் வலிக்கிறது' என்று சொல்லும்போது, நாமும் அச்சொல்லை நம்பிக் கேட்போமாக. மருத்துவம் தொடங்கும் இடம் அதுவே.