கிருமியில்லாக் காய்ச்சல்

விட்டு விட்டு வரும் காய்ச்சலைத் தமிழர் முறைக்காய்ச்சல் என்றனர். ஒரு நாள் உடல் கொதிக்கும். மறுநாள் நோயாளி எழுந்து நடமாடுவார். இதன் மருமத்தை முதலில் துலக்கியவர் இலாவரன் என்னும் பிரெஞ்சு வைத்தியர். அவர் 1880 ஆம் ஆண்டில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அது நுளம்பினுள் வளர்வதை 1897 இல் ரொனால்ட் ரொஸ் காட்டினார். 2016 இல் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார ஸ்தாபனத்தின் சான்றைப் பெற்றது.

ஆயினும், கிருமியும் நுளம்பும் இன்றியே காய்ச்சல் மீண்டும் மீண்டும் வருமாயின் அதற்குக் காரணம் யாது? இவ்வினாவை ஆராய்ந்தோர்க்குத் துணைநின்றது ஒரு நாயினம்.

தென்சீனத்துக் குவாங்டொங் மாகாணம் சார்பெய் நாயின் தாயகம். மணல்போற் சொரசொரப்பான தோலுடையது என்பதே அப்பெயரின் பொருள். உழவரின் வீட்டைக் காப்பதும் வேட்டைக்குச் செல்வதும் அதன் தொழில்கள். 1949 ஆம் ஆண்டுப் புரட்சியின் பின்னர் சீனத்தில் அவ்வினம் அருகியது. 1973 இல் ஹொங்கொங்கைச் சேர்ந்த மட்கோ லோ என்பவர், இவ்வினத்தைக் காக்குமாறு அமெரிக்க நாய்ப் பிரியரை வேண்டினார். சில நாய்கள் கடல் கடந்தன; இனம் பிழைத்தது.

ஆனால் அமெரிக்கர் விரும்பியது தோலின் மடிப்புகளையே. மடிப்பு மிகுந்த நாய்களையே தெரிந்தெடுத்துத் தலைமுறை தலைமுறையாக இனவிருத்தி செய்தனர். அழகு பெருகிற்று, அதனோடு காய்ச்சலும் பெருகிற்று. பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள் அது தோன்றும். கணுக்கால் வீங்கும், நாய் உண்ணாது சுருண்டு கிடக்கும். ஓரிரு நாளிற் காய்ச்சல் தானே தணிந்துவிடும். எனினும் ஒவ்வொரு முறையும் எழும் அழற்சியால், அமிலொயிட்டு எனும் புரதம் சிறுநீரகத்திற் படியக்கூடும். ஈற்றில் உயிரைக் குடிப்பது காய்ச்சலன்று, சிறுநீரகத்தின் செயலிழப்பேயாம்.

2011 இல் வெளியான ஓர் ஆய்வு மடிப்புக்கும் காய்ச்சலுக்கும் உள்ள தொடர்பை வெளிப்படுத்தியது. ஹயலூரோனன் என்னும் பசைப்பொருளை ஆக்கும் பரம்பரையலகின் அருகில் ஒரு துண்டு இரட்டித்திருந்தது. அதனால் அப்பொருள் மிகுந்து தோல் தடித்து மடிகிறது. அத்துண்டின் பிரதிகள் மிகுந்த நாய்களிற் காய்ச்சலும் மிகுதி. 2017 இல் வேறொரு பரம்பரையலகின் மாற்றமும் இந்நோயுடன் தொடர்புடையதெனக் கூறப்பட்டது.

மனிதரிடையேயும் இதையொத்த நோயொன்று உண்டு. மத்தியதரைக் கடலைச் சூழ வாழும் யூதர், ஆர்மேனியர், துருக்கியர், அராபியர் ஆகியோரிடம் அது பரம்பரையாக வருகிறது. கொல்கிசீன் என்னும் மருந்து அக்காய்ச்சலைத் தடுக்கும் என 1972 இல் அறியப்பட்டது. நாய்களுக்கும் மிருக வைத்தியர் அதனை வழங்குவதுண்டு. கொக்குவில் முதலிய யாழ்ப்பாணத்து ஊர்களில் வேலிமேற் படர்ந்து சுடர்விடும் கார்த்திகைப் பூவின் கிழங்கிலும் அதே கொல்கிசீன் உண்டு. அளவறிந்தவன் கையில் மருந்தாவது, அறியாதவன் கையிற் கொடிய நஞ்சாகும். அக்கிழங்கையுண்டு உயிரிழந்தோர் இலங்கையிற் பலர்.

தமிழகத்து இராசபாளையம் நாயின் வரலாறும் இதனோடு ஒப்பிடத்தக்கது. பால்போன்ற வெண்மையை விரும்பி வளர்த்த அவ்வினத்திற் பிறவிச் செவிடு காணப்படுகிறது. நிறத்தைத் தெரிந்தெடுத்தோர் செவிட்டை வேண்டவில்லை. ஆயினும் இரண்டும் சேர்ந்தே வந்தன.

கொக்குவிலில் ஒரு வளவின் படலையடியிற் படுத்திருக்கும் ஊர்நாய்க்கு வமிசப் பட்டயம் இல்லை. பல வழிக் கலப்பே அதன் செல்வம். ஓரினத்தை அழிவினின்று மீட்பது அரிய செயல். ஆனால் மீட்டபின் அதன் உடல்நலத்தை நோக்காது உருவத்தை மாத்திரம் நோக்கினால், மீட்டவரின் ஆசைக்கு வாயில்லாச் சீவன் விலை கொடுக்க நேரும். சார்பெய் நாயின் காய்ச்சல் அவ்விலையின் கணக்கேயாம்.