தரங்கம்பாடியும் மாசிலாமணிநாதர் திருக்கோயிலும்

பழனி மலையடிவாரத்தும் திண்டுக்கற் சீமையிலும் வாழும் சைவ நன்மக்கள், அறுபதாண்டு நிறைவு, எண்பதாண்டு நிறைவு என்னும் மங்கலங்களை நடாத்துதற் பொருட்டுத் திருக்கடவூருக்குச் செல்லுதல் வழக்கம். காலனை உதைத்த திருவடி விளங்கும் அவ்வீரட்டத்தில் ஆயுள் வேண்டி வழிபட்டு, அபிராமியம்மையைத் தொழுது, மாலை மாற்றி, உற்றார் சூழ உண்டு மீள்வர். அத்தலத்தினின்றும் ஏழெட்டுக் கிலோமீட்டர் அளவில் தென்கிழக்கே கடற்கரையில் உள்ளது தரங்கம்பாடி. அங்ஙனம் செல்வோருட் பெரும்பாலார் அவ்வூரை எட்டியும் பாரார். பார்ப்போரும் டேனியர் கட்டிய கோட்டையைப் பார்த்து, கடற்காற்று வாங்கி, வண்டியேறி விடுகின்றனர். அக்கோட்டைக்கு முந்நூறாண்டு முற்பட்ட சிவாலயம் ஒன்று அதே கரையில் அலைக்கு எதிரே நிற்கின்றது என்பதனை அறிந்தார் சிலரே. மூவர் பாடல் பெற்ற தலவரிசையில் அது சேராமையே யாத்திரை செய்வோர் அதனை நாடாமைக்குக் காரணம் போலும். அவ்வூரிற் காணத்தக்கன யாவை, அவற்றை எம்முறையிற் காண்டல் தகும் என்பன பற்றி ஈண்டுச் சில கூறப் புகுகின்றேன்.

முதற்கண் ஊர்ப்பெயரைச் சிறிது ஆராய்வாம். தரங்கம் என்பது அலையைக் குறிக்கும் வடசொல். இது கொண்டு, அலைகள் பாடும் ஊர் என்று இக்காலத்தார் பொருள் விரித்து மகிழ்கின்றனர். வழிகாட்டிப் பலகைகளிலும் அவ்வாறே எழுதுகின்றனர். கேட்டற்கு இனிதே, ஆயினும் சொல்லியல்புக்கு ஒவ்வாது. ஆய்ப்பாடி, வாணியம்பாடி என்புழிப்போலப் பாடி என்பது ஈண்டும் குடியிருப்பைக் குறிக்கும் பெயரேயன்றிப் பாடுதல் தொழிலைக் குறிக்கும் வினையன்று. இவ்வூர்க் கோயிற் கல்வெட்டில் ஊரின் பெயர் சடங்கன்பாடி என்றே காணப்படுகின்றது. குலசேகரன்பட்டினம் என்னும் மறுபெயரும் உண்டு. சடங்கம் என்பது வேதத்தின் ஆறங்கம். ஆறங்கம் வல்லார் ஒருவர் பெயரால் எழுந்த பாடி எனக் கொள்ளின் பொருந்தும் என்பது என் துணிபு. நம்பியாரூரர்க்கு மகட்கொடை நேர்ந்த புத்தூர்ச் சடங்கவி சிவாசாரியர் பெயரையும் ஒப்புநோக்குக.

குலசேகரன்பட்டினம் என்ற பெயர் எவ்வாறு வந்தது எனின், மாறவர்மன் குலசேகர பாண்டியனால் வந்தது. இவன் கி.பி. 1268 இல் பட்டமெய்தியவன். அவனது 37 ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது கி.பி. 1305 ஐ ஒட்டி, மாசிலாமணிநாதர் கோயிலுக்கு நிலம் அளிக்கப்பட்டமை கல்லெழுத்தாற் புலப்படும். சோழராட்சி முடிந்து, காவிரி நாடு பாண்டியர் கைப்பட்டிருந்த காலம் அது. கீழ்க்கடற் பட்டினங்கள் வாணிகத்தாற் செழித்த காலமும் அதுவே. தன் பெயரால் ஒரு பட்டினமும், அப்பட்டினத்துக்கு ஒரு சிவாலயமும் விளங்கக் கண்ட அம்மன்னன் 1310 இல் தன் மக்களிடை எழுந்த பூசலில் உயிர் நீத்தான். அடுத்த ஆண்டிலேயே மாலிக்காபூரின் படை மதுரை நோக்கி வந்தது. ஆகவே பாண்டியப் பேரரசின் இறுதி வெளிச்சத்தில் எழுந்த கோயில் இது என்று சொல்லுதல் மிகையாகாது.

இறைவன் திருப்பெயர் மாசிலாமணி. திருவாவடுதுறையினும் வடதிருமுல்லைவாயிலினும் இத்திருப்பெயரே வழங்கும். மாசு என்பது மலம். உயிர்கள் அநாதியே மலத்தாற் கட்டுண்டவை. இறைவனோ இயல்பாகவே பாசங்களின் நீங்கியவன். சித்தாந்தத்தின் அடிப்படை முழுதும் இத்திருப்பெயர் ஒன்றிலே அடங்கக் காண்கின்றோம். கரையில் நின்று இப்பெயரைச் சொல்லும்போது, செம்பிற் களிம்பு என்னும் நம் ஆசிரியர்களின் உவமை எவர்க்கும் நினைவுக்கு வரும்.

இக்கோயிலின் வரலாற்றிற் பெரும்பகுதி கடலோடு போராடிய வரலாறே. நூற்றாண்டு தோறும் கடல் சிறிது சிறிதாகக் கரையை அரித்து மேற்கே ஏறிற்று. கடலை அடுத்திருந்த கட்டடங்கள் ஒவ்வொன்றாக அலைவாய்ப்பட்டு வீழ்ந்தன. எஞ்சியது கருவறையும் அதனைச் சார்ந்த சில பகுதியுமே. செதுக்குக் கற்கள் மணலிற் புதைந்தும் நீரில் அமிழ்ந்தும் கிடந்தன. பின்னர்க் கருங்கற்களைக் கரையிற் கொட்டி அணையிட்டனர். அண்மைக்காலத்தே திருப்பணியும் நிகழ்ந்தது. 2004 டிசம்பர் 26 இல் எழுந்த ஆழிப்பேரலை இவ்வூர் மீனவர் குடிகளிற் பல உயிர்களைக் கவர்ந்தது, கோயில் நின்றது. செல்வோர் புதிய வண்ணப்பூச்சைக் கண்டு இது நேற்றைக் கோயில் என்று எண்ணிவிடலாகாது. அடித்தளக் கற்களையும் எழுத்துக்களையும் நின்று நோக்குக. உப்புக்காற்று கல்லெழுத்துக்குக் கொடிய பகை. அதன்மேற் சுண்ணமும் வண்ணமும் அப்புவது அதனினும் கொடிது! திருப்பணி செய்யும் செல்வர் இதனை ஒருபோதும் மறத்தலாகாது.

இனி, கோட்டையைக் காண்பாம். டென்மார்க்கு நாட்டு வணிகக் கழகம் 1616 இல் நிறுவப்பட்டது. அதன் கப்பற்றலைவர் ஓவெ கெத்தெ என்பார், தஞ்சை இரகுநாத நாயக்கரோடு 1620 நவம்பரில் உடன்படிக்கை செய்து இவ்வூரைப் பெற்றுக் கோட்டை எழுப்பினர். இரகுநாதர் டென்மார்க்கு மன்னர்க்கு விடுத்த பொன்னோலை இன்றும் கோபன்ஹேகன் ஆவணக்களரியில் உள்ளது. 225 ஆண்டுகள் கழித்து 1845 இல், வங்காளத்துச் சீராம்பூரோடு சேர்த்து 12½ இலட்ச ரூபாய்க்கு இவ்வூரை ஆங்கிலக் கும்பினியார் வாங்கினர். கோட்டையினுள் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையின் பொருட்காட்சிச்சாலை உண்டு. 1792 இல் கட்டிய ஊர்வாயில், அதனூடே கடலை நோக்கிச் செல்லும் இராசவீதி, ஆளுநர் மாளிகை ஆகியவற்றை ஒரு முற்பகலிற் கண்டுவிடலாம். டென்மார்க்கு நாட்டன்பர் தம் முன்னோர் சுவடு தேடிக் கடல் கடந்து வந்து, இக்கட்டடங்களைப் புதுக்குதற்குத் துணை நின்றனர். அவரைக் குறை கூறேம், பாராட்டுகின்றேம். நம்மவர் தம் கோயிற் கற்கள் அலையிற் புரண்ட நாளில் அவ்வளவு விரைந்திலரே என்பதே நம் கவலை.

இராசவீதியில் உள்ள புதிய எருசலேம் ஆலயத்தைச் சைவர் பலர் புறம்பே நின்று பார்த்துப் போவர். அங்கே அடக்கமாயிருப்பவர் சீகன்பால்கு ஐயர். செர்மானியராகிய இவர் டென்மார்க்கு மன்னர் ஆணையால் 1706 சூலை 9 இல் இக்கரையில் இறங்கியபோது வயது 23. 1719 பிப்ரவரியில் இறந்தபோது 36. திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். ஈராண்டிற்குள் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைத் திரட்டி, 1708 இல் அவற்றுக்கு ஒரு விளக்க அட்டவணை எழுதினார். தொல்காப்பியமும் திருக்குறளும் சிவவாக்கியமும் அதில் இடம்பெற்றன. தமிழ் அச்சு இவராலேதான் தொடங்கிற்று என்பாருளர். அது பிழை, கொல்லத்தில் 1578 இலேயே தமிழ் அச்சேறியது. ஆயினும் இவ்வூரில் 1713 இல் தமிழ் அச்சகம் நடைபெறத் தொடங்கியதும், அடுத்திருக்கும் பொறையாற்றில் 1715 இல் காகித ஆலை எழுந்ததும் பெருமைக்குரியனவே. கடுதாசிப்பட்டறை என அவ்விடப்பெயர் வழங்குகின்றது.

நம்மனோர்க்கு இவற்றினும் இன்றியமையாதது மற்றொன்று உண்டு. இவர் நம் சமயத்தைப் பற்றித் தமிழரிடம் வினாக்கள் விடுத்து, அவர்கள் எழுதிய விடையோலைகளைச் செர்மன் மொழியிற் பெயர்த்து விடுத்தார். ஏறத்தாழ 100 ஓலைகள் அங்ஙனம் ஹாலே நகரில் அச்சாயின. மேலும், 1713 இல் தென்னாட்டுத் தெய்வங்களின் மரபு குறித்து ஒரு பெருநூல் எழுதினார். பராபரவஸ்து, மும்மூர்த்திகள், கிராமதேவதைகள், தேவர்கள் என அது நான்காக வகுக்கப்பட்டது. அதனைப் பெற்ற ஹாலே நகரத்து மேலவர், அயற்சமயச் செய்திகளை ஐரோப்பாவிற் பரப்புதல் தம் பணியன்றெனக் கருதி அச்சிடாது வைத்தனர். 154 ஆண்டுகள் உறங்கிய அந்நூல் 1867 இல் சென்னையில் வெளிவந்தது. நம் சமயத்தை அவர் பிழைபடக் கொண்ட இடங்கள் பல. அவற்றை மறுத்தல் நம் கடன். ஆயினும், அந்நாளில் இக்கடற்கரைச் சைவர் தம் சமயத்தைப் பற்றி என்ன விடை கூறினர் என்பதனை நாம் அறிய வேண்டின், அவர் செர்மன் ஏட்டையே நாட வேண்டியிருக்கின்றது. இருமொழி வல்ல இளைஞர் இதில் முயல்வாராக.

காணும் முறை யாதெனின், விடியற்காலையிற் சென்று ஞாயிறு கடலினின்றெழக் கண்டு, முதலில் மாசிலாமணிநாதரை வழிபடுக. வெயில் ஏறுமுன் கல்வெட்டுக்களை நோக்குக. அதன்பின் கோட்டையும் வீதிகளும் காண்க. கரையோரத்துக் கருங்கற்களின்மேல் ஏறி நின்று விளையாடுதல் சிறுவர்க்கு ஆகாது, அலை வழுக்கும்.

நண்பகலுக்குமுன் திருக்கடவூர் மீளலாம். குங்கிலியக்கலய நாயனாரும் காரி நாயனாரும் வாழ்ந்த அவ்வூர், திருக்களிற்றுப்படியார் அருளிய உய்யவந்ததேவ நாயனார்க்கும் உரியது. பதினான்கு சாத்திரங்களுள் ஒன்றாகிய அந்நூல் கி.பி. 1177 ஐ ஒட்டி எழுந்தது என்பர். அஃதாவது, குலசேகரன் கல்வெட்டுப் பொறிக்கப்படுவதற்கு 128 ஆண்டுகள் முன்னர்.