13 பள்ளியில் ஆரம்பித்த ஏணி

ஐந்தருவியில் சீசன் கடையில் அம்மாவுக்கு உதவிவிட்டு நாலு நாள் கழித்துப் பள்ளிக்கு வருகிறது ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். கடன் வாங்கிக் கழித்தலை முடித்து வகுப்பு பெருக்கலுக்குப் போயிருக்கும். கணக்குப் பயம் பலருக்கும் இப்படித்தான் ஆரம்பிக்கிறது...

ஆந்திராவின் ரிஷிவேலி, சுற்றியுள்ள கிராமப் பிள்ளைகளுக்காக இதற்கொரு வழி கண்டது. பாடத்தைச் சின்னச் சின்ன அட்டைகளாக்கி, ஏணிப்படி போல அடுக்கினார்கள். எந்தப் படியில் விட்டதோ, பிள்ளை அங்கிருந்தே தொடரலாம்.

2003-ல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி.விஜயகுமார் 13 பள்ளிகளில் இதைச் சோதித்துப் பார்த்தார். அதுதான் செயல்வழிக் கற்றல். கணக்குக்கு மணிகள் வந்தன. பத்து மணிச் சரத்தைக் கொடுத்து பத்துத் தனி மணிகளாக மாற்றிக்கொண்டால், 'கடன் வாங்குவது' என்னவென்று கையிலேயே தெரிந்துவிடும்!

முதலில் மாநகராட்சி ஆசிரியர்கள் ரிஷிவேலிக்கே போய்ப் பார்த்து, அட்டைகளைத் தாங்களே தயாரித்தார்கள். 2007-ல் தமிழகம் முழுக்க, நெல்லை மாவட்டத்தோடு இருந்த தென்காசிப் பக்கத்துக்கும் சேர்த்து, முறை விரிந்தபோது அட்டைகள் அச்சாகி வந்தன. பல ஆசிரியர்களுக்கு அது இன்னொரு அரசு உத்தரவாகவே தெரிந்தது.

2022-ல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. அடிப்படைக் கணக்குக்கு மறுபடி ஒரு முயற்சி. அட்டையை எல்லா ஊருக்கும் அனுப்பிவிடலாம். அந்த 13 பள்ளி ஆசிரியர்கள் தாங்களே செய்துபார்த்ததை எப்படி அனுப்புவது?